திருகு அழுத்தி: தென்சென்னைப் புறநகர்களின் கசடும் நீரும்

ஈரமான பொருளைத் துளையுள்ள உருளைக்குள் சுழலும் திருகால் நெருக்கி, அதிலுள்ள நீரையோ எண்ணெயையோ பக்கவாட்டில் வடியவிட்டு, எஞ்சும் திப்பியை மறுமுனையில் தள்ளும் எந்திரம் திருகு அழுத்தி. எண்ணெய் ஆலைகளில் இதற்கு எக்ஸ்பெல்லர் என்று பெயர். கழிவுநீர் நிலையங்களில் ஸ்க்ரூ பிரஸ் என்றே சொல்கிறார்கள். காகிதக்கூழ், சாணம், பழச்சக்கை போன்ற நார்ப்பிடிப்புள்ள பொருள்களுக்கு இது மிகவும் பொருந்தும். தாம்பரம், பல்லாவரம், பம்மல், மேடவாக்கம் பகுதிகளில் இதற்கு வேலை தருவது கழிவுநீர்க் கசடு.

அமைப்பும் இயக்கமும்

திருகின் தண்டு நுழைவாயிலருகே மெலிந்தும் போகப்போகப் பருத்தும் இருக்கும். திருகிழைகளுக்கு இடையிலான தூரம் குறைந்துகொண்டே வரும். உள்ளே புகுந்த பொருள் முன்னேற முன்னேற அதற்கான இடம் சுருங்குவதால் நீர் சல்லடைத் துளைகளைத் தேடி வெளியேறுகிறது. வெளிவாயில் ஒரு கூம்பு எதிர்த்து நின்று, பொருள் எளிதாக வழுக்கிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும். அந்தக் கூம்பை இறுக்கினால், கேக் எனப்படும் பிழிந்த திப்பி காய்ந்து வரும், வெளிவரும் அளவு குறையும், தளர்த்தினால் எதிர்மாறு.

கசடு பிழியும் திருகு நிமிடத்துக்கு ஒரு சில சுற்றுகளே சுற்றும். அதே வேலையைச் செய்யும் மையவிலக்கு எந்திரம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழன்று, கூடுதல் மின்சாரமும் இரைச்சலும் கேட்கும். சிறு நிலையங்களுக்கான திருகு அழுத்தி வகை ஒன்றில் சல்லடைக்குப் பதிலாக வளைய அடுக்கு உண்டு. அசையாத வளையங்களுக்கு நடுவே அசையும் வளையங்கள் இருக்கும். திருகு சுழலும்போது அவை நகர்ந்து, இடுக்கில் ஒட்டிய கசடைத் தாமே சுரண்டிவிடும்.

ஒவ்வொரு தடவையும் நிறைத்து, அழுத்தி, திறந்து, காலிசெய்ய வேண்டியிருந்த பழைய அழுத்திகளுக்கு மாற்றாக, நிற்காமல் பிழியும் எண்ணெய் எந்திரத்துக்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த வலேரியஸ் ஆண்டர்சன் 1900-இல் காப்புரிமை பெற்றார். எக்ஸ்பெல்லர் என்பது அவர் வைத்த பெயர். அதில் அழுத்தமும் உராய்வும் மிகுதி. பிழியும்போதே வித்து சூடாகிவிடும். அப்படிப் பிழிந்தும் புண்ணாக்கில் நூற்றுக்கு ஆறேழு பங்கு எண்ணெய் தங்கிவிடுகிறது. பெரிய ஆலைகள் அதை ஹெக்சேனில் கரைத்து எடுக்கின்றன.

கசடைப் பக்குவப்படுத்துதல்

வித்துக்கு உள்ள பிடிப்பு கழிவுநீர்க் கசடுக்குக் கிடையாது. அதில் நூற்றுக்கு 98, 99 பங்கு நீர். மீதி பெரும்பாலும் நுண்ணுயிர்களின் வழவழப்பான உடல். அப்படியே திருகுக்குள் விட்டால் நீரோடு சேர்ந்து துளை வழியே ஒழுகிவிடும். அதனால் முதலில் பாலிமர் கரைசல் கலந்து மெதுவாகக் கிளறுகிறார்கள். எள் ஆட்டும் செக்கில் கருப்பட்டி சேர்ப்பதுபோல, பிழிவதற்கு முன்னான இந்தப் பக்குவத்தில்தான் காரியம் இருக்கிறது. துகள்கள் திரளாகச் சேர்ந்து தெளிந்த நீரை விட்டுப் பிரிந்தால் திருகுக்கு வேலை சுலபம். பாலிமர் குறைந்தால் திரள் உடையும்; மிகுந்தால் பிசுபிசுத்துச் சல்லடையை அடைக்கும். வேகமாகக் கலக்கினாலும் திரள் சிதறும். எந்திரத்தின் விலையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இந்தக் கலவைத் தொட்டியைக் கவனிக்காமல் விடுவது பெரிய இழப்பு.

அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதாலும் பயனில்லை. கசடு நெரியும்போது அதன் நுண்வழிகளும் மூடிக்கொள்கின்றன. உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர் எந்த அழுத்தத்துக்கும் எளிதில் வராது. கேக்கில் திடப்பொருள் நூற்றுக்கு 20 பங்கை ஒட்டி வந்தாலே நல்ல வேலை. நூற்றுக்கு ஒரு பங்கு திடமுள்ள 10,000 லிட்டர் கசடு ஒரு டேங்கர் லாரி நிறையும். அதில் திடப்பொருள் சுமார் 100 கிலோ. 20 பங்குக்குப் பிழிந்தால் 500 கிலோ கேக். ஒரு சின்ன யானை வண்டியில் ஏற்றிவிடலாம். மேலும் பாடுபட்டு 25 பங்குக்குக் கொண்டுவந்தால் மிச்சமாவது 100 கிலோ மட்டுமே.

புறநகரில் இதன் தேவை

கசடைக் காய வைக்கப் பழைய வழி மணல் படுகை. நீர் மணலில் இறங்கும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய கருங்குழியில் இயங்கும் செப்டிக் டேங்க் கசடு நிலையம் இந்த முறையைப் பின்பற்றுகிறது. இடம் உள்ள சிற்றூருக்கு அது நியாயமான தேர்வு. நெருக்கமான புறநகரில் அவ்வளவு நிலம் கிடைக்காது. மழையும் ஒத்துழைப்பதில்லை: சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. கூரையில்லாத படுகை அந்த மாதங்களில் வெறும் குட்டை.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் பல பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் செப்டிக் டேங்கும் லாரியும்தான் வழி. பெரிய அடுக்குமாடிகள் தங்களுக்கென எஸ்.டி.பி. எனப்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வைத்துக்கொள்கின்றன; அவற்றில் பல அடித்தளத்தில் இருப்பவை. அங்கே இரைச்சலற்ற, மூடிய, ஆள் அதிகம் தேவைப்படாத எந்திரம் என்பதால் தட்டுகளைப் பிரித்துக் கழுவ வேண்டிய ஃபில்டர் பிரஸ்ஸுக்குத் திருகு அழுத்தி நல்ல மாற்று. பெருங்குடி போன்ற மாபெரும் நிலையத்தில் கணக்கு வேறு. அங்கே கசடைச் செரிக்கவைத்து எரிவாயு எடுத்தபின் மையவிலக்கு எந்திரங்கள் நீரைப் பிரிக்கின்றன. குறைந்த இடத்தில் மிகுந்த அளவைக் கையாள அதுவே ஏற்றது.

பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் 1990-களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. தமிழகத் தோல் ஆலைகளின் மாசு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் கழிவின் கசடு வீட்டுக் கசடைப் போன்றதல்ல: சுண்ணாம்பும் மணலும் உரோமமும் கலந்தது, குரோமியம் இருந்தால் அபாயக் கழிவு. அதைக் காப்பான நிரப்பிடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அத்தகைய இடம் நகரின் மறுகோடிக்கு அப்பால் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. எடைக்குத் தக்க கட்டணம் என்பதால் நீரைச் சுமந்து போவது வீண்செலவு. ஆனால் மணல் திருகிழைகளை அரைத்துத் தேய்க்கும். முன்னதாக மணலை வடித்து, இழைகளின் ஓரத்துக்குக் கடினப் பூச்சும் கொடுத்தாலொழிய அங்கே திருகு அழுத்தி நெடுநாள் உழைக்காது.

பிழிந்த நீர் மீண்டும் சுத்திகரிப்பின் தொடக்கத்துக்கே திரும்புகிறது. அது கலங்கலாக வந்தால் பிடித்த கசடே மறுபடி உள்ளே போகிறது என்று பொருள். நிலையத்தை நடத்துபவர் முதலில் பாலிமர் அளவையும், பிறகு கூம்பின் இறுக்கத்தையும் சரிபார்ப்பார்.