மலாய் மொழிக்கு ஒரு முன்ஷி

கல்வராயன் மலைக்குச் சென்று திரும்பிய எம் மாணவர் ஒருவர், அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் பேச்சைச் சொல்லி நகைத்தார். கள்ளக்குறிச்சியில் நாம் பேசுவதுதான் தமிழாம். மலைப் பேச்சுக்கு இலக்கணமே இல்லையாம். அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, மலாக்கா முன்ஷி அப்துல்லாஹ்வின் வரலாற்றைக் கூறினோம்.

அன்னார் 1796-இல் பிறந்தவர். பாட்டனாரின் தந்தை ஷைகு அப்துல் காதிர் யமன் நாட்டவர். நாகூரில் தங்கிக் கற்பித்து, அங்கேயே மணம் முடித்தவர். அவருடைய மகன் முஹம்மது இப்ராஹீம் மலாக்கா சென்று ஷைகு மீரா லெப்பையின் மகள் பெரியாச்சியை மணந்தார். அந்த அம்மையாரிடம் ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 200 பிள்ளைகள் ஓதினர். பெண்கல்வி பற்றி மேடையேறுவோர் இதை நினைவிற்கொள்வது நலம்.

மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது அந்நாளைய வழக்கம். அப்துல்லாஹ்வும் கற்றார், 1835-இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். நம் கடை அங்கே ‘கெடாய்’, முதல் ‘மோடால்’, லெப்பை ‘லெபாய்’.

மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரை பரந்த ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது மலாய். அவ்வுறவை 1708-இலேயே சுட்டிய ரெலாண்ட், உத்ரெக்ட் நகரில் கீழைமொழிப் பேராசிரியர்; அரபு கற்றவர். அப்துல்லாஹ்வின் பணி அத்தகைய ஒப்பாய்வு அன்று. ஒரு மொழியின் உள்நடையைக் காப்பது. கோட்டைச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்ததால் ‘முன்ஷி’ எனப்பட்டார். ராபிள்ஸுக்கு எழுத்தராகவும், மில்ன் முதலிய பாதிரிமார்க்கு ஆசிரியராகவும் இருந்தார்.

தாம்சன் என்னும் பாதிரியாருடன்தான் பெரும் பிணக்கு. இன்ஜீல் மொழிபெயர்ப்பில் சொற்கள் மலாய், அடுக்குமுறை ஆங்கிலம் என்று இவர் மறுத்தார். அவரோ தம் போக்கை விடவில்லை. அவ்வேலையில் உதவியதற்காக ஊரார் இவரை ‘அப்துல்லாஹ் பாதிரி’ என ஏசினர். ஏச்சு நியாயமன்று என்பதே நம் கருத்து. மார்க்கத்தை விடாதவர், மொழியையும் விட்டுக்கொடுக்கவில்லை. தாய்மொழியைக் கற்க என்ன இருக்கிறது என்றிருந்த மலாய் மக்களையும் அவர் கடிந்தார். 1849-இல் சிங்கப்பூரில் அச்சான தன்வரலாற்றில் அக்குறை திரும்பத் திரும்ப வருகிறது.

1854-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் ஊர் திரும்பவில்லை. வழியெல்லாம் எழுதிவந்த பயணக் குறிப்பு பாதியில் நின்றுவிட்டது.