வெட்டுற மிஷினும் வெட்டுப்பட்ட விரலும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஆனைக்குட்டம். விருதுநகர்க்காரங்க, சிவகாசிக்காரங்க தவிர மத்தவங்களுக்கு இந்தப் பேரைச் சொன்னா "யானைக்குட்டியா?"ன்னுதான் கேட்பாங்க. அர்ஜுனா நதி மேல ஒரு அணை, சுத்தியும் கரிசல் காடு, கொஞ்சம் தள்ளிப் போனா திருத்தங்கல், அப்புறம் சிவகாசி. அங்கதான் எங்க தாய்மாமா ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வச்சிருக்கார். கிரில், கேட், தகரக் கொட்டகை, தீப்பெட்டி ஆபீஸுக்கு ட்ரே, அச்சாபீஸுக்கு ரேக். மொத்தம் அஞ்சு பேர் வேலை பார்க்குற இடம்.

போய் இறங்கி ஒரு வாய் காப்பி குடிக்கல, மாமா ஆரம்பிச்சுட்டார். "மாப்ள, பழைய ஷேரிங் மிஷின் ஒண்ணு கோயமுத்தூர்ல இருக்காம். ரெண்டேகால் லட்சம் சொல்றான். நீ இஞ்சினியருதான, வந்து பாரு."

நான் படிச்சது இஞ்சினியரிங்தான். ஆனா பார்க்குறது பொட்டி தட்டுற வேலை. ஷேரிங் மிஷினைக் கடைசியா கிட்ட நின்னு பார்த்தது காலேஜ் ஒர்க்ஷாப்ல, அதுவும் ரெக்கார்டு நோட்டுல படம் வரையறதுக்கு :). மாமாகிட்ட அதைச் சொல்ல முடியுமா? ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, இந்த மிஷினோட கதையும் எங்க ஊர்க் கதையும் ஒரே வருஷத்துல சந்திக்கிறது தெரிஞ்சது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, ஷேரிங் மிஷின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. இரும்புத் தகட்டை நேர்கோட்டுல வெட்டுற மிஷின். கீழ ஒரு பிளேடு அசையாம இருக்கும். மேல ஒரு பிளேடு இறங்கும். கத்தரிக்கோல் தத்துவம்தான், அளவுதான் பெருசு. உலகம் பூரா இதுக்கு இன்னொரு பேரு கில்லட்டின். ஆமா, பிரெஞ்சுப் புரட்சியில தலை வெட்டின அதே கில்லட்டின். டாக்டர் கில்லட்டின் வலியில்லாத மரண தண்டனை வேணும்னு 1789ல பேசினார். 1792 ஏப்ரல்ல முதல் தலை விழுந்தது. அதோட பிளேடு நேரா இருக்காது, சாய்வா இருக்கும். சாய்வா இறங்கினா மொத்த அகலமும் ஒரே நேரத்துல வெட்டுப்படாது, ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு வழுக்கிக்கிட்டே போகும். அதனால குறைஞ்ச விசை போதும். 1844ல பாரிஸ்ல மாஸிக்கோங்கிறவர் காகிதம் வெட்டுற கில்லட்டினுக்குக் காப்புரிமை வாங்கினார். சிவகாசியில எந்த அச்சாபீஸுக்குப் போனாலும் நிக்குற கட்டிங் மிஷினுக்கு அதுதான் தாத்தா.

இந்தச் சாய்வு எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு சின்னக் கணக்கு. 3 மில்லிமீட்டர் தகடு, 2500 மில்லிமீட்டர் அகலம். பிளேடு நேரா இறங்கினா வெட்டுற பரப்பு 7500 சதுர மில்லிமீட்டர். சாதா இரும்புக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 35 கிலோன்னு வச்சா, 260 டன்னுக்கு மேல விசை வேணும். அதே பிளேடை 2 டிகிரி சாய்ச்சா, ஒரு நேரத்துல வெட்டுப்படுறது ஒரு சின்ன முக்கோணம்தான், சுமார் 129 சதுர மில்லிமீட்டர். நாலரை டன் போதும்! நடைமுறையில இதை விடக் கொஞ்சம் கூட ஆகும், ஆனா வித்தியாசம் புரியுது இல்ல? அதனாலதான் ஒரு சாதா மோட்டார், ஒரு பெரிய ஃப்ளைவீல் வச்சே அஞ்சு பேர் பட்டறை தகடு வெட்ட முடியுது. ஆனா சாய்வுக்கு ஒரு விலை உண்டு. ரொம்பச் சாய்ச்சா வெட்டின துண்டு முறுக்கிக்கும். மெல்லிசா பட்டை வெட்டுறவங்களுக்கு அது தலைவலி.

எங்க பக்கம் பட்டை வெட்டுறவங்க உண்டு. மாசக் காலண்டர் மேலயும் கீழயும் தகரப் பட்டை ஒண்ணு மடிச்சிருப்பாங்களே, அது தகட்டை ஷேர் பண்ணித்தான் வருது. நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் உங்க வீட்டுச் சுவத்துல எங்க ஊர் தகரம் ஒரு முழம் தொங்கியிருக்க வாய்ப்பு இருக்கு.

சரி, இந்த மிஷினெல்லாம் இங்க எப்படி வந்துச்சு?

சிவகாசி கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு, 1923ல திரும்பி வந்து தொழில் தொடங்கினாங்க. ஆரம்பத்துல ஜெர்மன் மிஷின்களை வச்சு முயற்சி பண்ணி, அது கட்டுப்படியாகாம கைவேலைக்கு மாறினாங்கன்னு சொல்வாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், அதனால அச்சுத்தொழில் வந்தது. 1940ல வெடிமருந்து விதிகள் வந்து லைசென்ஸ் முறை ஆனதும் பட்டாசு ஆலைகள் ஒழுங்கா உருவாச்சு. மூணு தொழிலுக்கும் தகடும் கம்பியும் வேணும், அதனால எங்க மாமா மாதிரி பட்டறைக்காரங்க வந்தாங்க.

புது மிஷின் வாங்க யார்கிட்ட காசு? அச்சாபீஸ்காரங்க வெளிநாட்டுல ஓடி ஓய்ஞ்ச ஆஃப்செட் மிஷினைக் கப்பல்ல இறக்கி, பிரிச்சு, துடைச்சு, ஓட்டிக் காட்டினவங்க. தகடு வெட்டுறவங்க கதையும் அதேதான். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் ராணுவம் மிச்சம் வச்ச மிஷின்களை அரசாங்கம் டிஸ்போசல்ல தள்ளி விட்டது. அப்புறம் கிழக்கு ஜெர்மனியோட ரூபாயிலயே வியாபாரம் நடந்த காலத்துல எர்ஃபர்ட் ஊர் மிஷின்கள் வந்துச்சு. அந்த எர்ஃபர்ட் கம்பெனிக்கே ஒரு சோகக் கதை இருக்கு. ஹென்றி பெல்ஸ்ங்கிற யூதர் கட்டின ஷேரிங், பஞ்சிங் மிஷின் கம்பெனி அது. நாஜி காலத்துல குடும்பத்துக்கிட்ட இருந்து கை மாறிச்சு, போருக்கப்புறம் கிழக்கு ஜெர்மன் அரசாங்கத்துக்குப் போச்சு. உள்நாட்டுல ராஜ்கோட்டும் பட்டாலாவும் விலை குறைஞ்ச மிஷின்களை ஊர் ஊரா அனுப்பிச்சது. 1964ல தொடங்கின எம்.எஸ்.டி.சி. நிறுவனம் அரசு ஆலைகளோட கழிவையும் பழைய மிஷினையும் ஏலம் விட்டது.

பழைய மிஷினை வெளிநாட்டுல இருந்து இறக்க ரொம்ப வருஷம் கெடுபிடி. வயசு இத்தனைக்குள்ள இருக்கணும், மிச்ச ஆயுள் இவ்வளவு இருக்கணும்னு வரம்பு. 2004 அந்நிய வர்த்தகக் கொள்கைதான் வயசு வரம்பைத் தூக்கினது. அதே சமயத்துல மேல்நாட்டுல லேசர் கட்டிங் பரவ ஆரம்பிச்சதால நல்ல ஷேரிங் மிஷின்களைக் கூட ஓரங்கட்டினாங்க. அவங்களுக்குக் குப்பை, நமக்குக் குலதெய்வம் :)

இப்ப கோயமுத்தூருக்கு வருவோம்.

மிஷின் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. புதுசா பச்சை பெயிண்ட். மாமா பெயிண்டைப் பார்க்கவே இல்ல. "புதுப் பெயிண்டு அடிச்சிருந்தா வெல்டிங் எங்கன்னு பாரு மாப்ள"ன்னார். ரெண்டு பக்கச் சட்டமும் டேபிளும் சேர்ற இடத்தை நகத்தால சுரண்டிக்கிட்டே வந்தார். விரிசல் விட்டு வெல்டு வச்ச மிஷின் மறுபடி அங்கயேதான் விரியும். அடுத்து பிளேடு. நாலு முனையும் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தலாம், எத்தனை முனை மிச்சம்னு பார்த்தார். அப்புறம் பாக்கெட்டுல இருந்து தினத்தாளை எடுத்து, வலது ஓரம், நடு, இடது ஓரம்னு மூணு இடத்துல வெட்டச் சொன்னார். மூணு இடத்துலயும் பிசிறில்லாம வெட்டினா பிளேடு இடைவெளி சமமா இருக்கு, சட்டம் வளையலன்னு அர்த்தம். தகட்டு கனத்துல அஞ்சுல இருந்து பத்து சதவீதம்தான் இடைவெளி இருக்கணும், 3 மில்லிமீட்டருக்கு அதிகபட்சம் 0.3. என் எல்லாப் படிப்பும் ஒரு பேப்பர் துண்டுல முடிஞ்சது. கடைசியா, "எவர்சில்வர் ரெண்டுக்கு மேல போடாதீங்க"ன்னு அந்த வியாபாரியே சொன்னார். அதுக்கு விசை கூட வேணுங்கிறதால 3 மில்லிமீட்டர் இரும்பு வெட்டுற மிஷின்ல அவ்வளவுதான் போகும். நேர்மையான ஆளு.

எல்லாம் சரி. ஆனா பிளேடுக்கு முன்னாடி ஒரு வேலி இருக்கணும். தகடு நுழையும், விரல் நுழையாது, அவ்வளவு சின்ன இடைவெளி வச்ச கம்பித் தடுப்பு. அது இல்ல. போல்ட் ஓட்டை மட்டும் வரிசையா இருந்துச்சு.

கேட்டேன். "அது இருந்தா வேலை ஓடாது தம்பி. எல்லாரும் கழட்டிருவாங்க."

மாமா ஒண்ணும் பேசல. வலது கையைப் பின்னால கட்டிக்கிட்டார்.

எங்க மாமாவுக்கு வலது கை ஆள்காட்டி விரல்ல நுனிக்கணு கிடையாது. சின்ன வயசுல நாங்க அதைப் பிடிச்சு விளையாடுவோம், "எலி கடிச்சிருச்சு"ன்னு சொல்வார். பத்தொன்பது வயசுல ஒரு பட்டறையில வேலைக்கு இருந்தப்போ போனதுன்னு அன்னிக்குத் திரும்பி வர்ற பஸ்ல தான் சொன்னார். இந்த வகை பழைய மிஷின்ல பெடலை மிதிச்சா கிளட்ச் பிடிச்சு பிளேடு ஒரு முழு அடி அடிச்சுத்தான் நிக்கும். நடுவுல நிறுத்த முடியாது. ஸ்பிரிங் தேஞ்சு போச்சுன்னா சில சமயம் மிதிக்காமலே ரெண்டாவது அடியும் இறங்கும். மாமாவுக்கு இறங்கினது அந்த ரெண்டாவது அடி. முதலாளி கட்டுப் போட்டு, ஒரு மாசச் சம்பளம் கொடுத்து அனுப்பி வச்சிட்டாராம்.

அன்னிக்கு ராத்திரி மறுபடி தேடினேன். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்னு ஒண்ணு இருந்தது. அது இயற்றப்பட்ட வருஷம் 1923. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊர் திரும்பின அதே வருஷம். அந்தச் சட்டத்தோட அட்டவணையில உடம்பு உறுப்பு ஒவ்வொண்ணுக்கும் சம்பாதிக்கிற திறன்ல எத்தனை சதவீதம் போச்சுன்னு போட்டிருக்கு. கட்டைவிரல் முழுசும் 30. ஒரு கையில நாலு விரலும் 50. ஆள்காட்டி விரல் முழுசா 14, ரெண்டு கணு 11, ஒரு கணு 9. அதுக்குக் கீழ இன்னொரு வரி: எலும்பு போகாம நுனி மட்டும் 'கில்லட்டின் துண்டிப்பு', 5 சதவீதம். சட்டத்துலயே அந்த வார்த்தை! 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்திருக்கு, இந்த அட்டவணை அதுலயும் தொடருது.

ஆக எங்க மாமா 9 சதவீதம். அந்த 9ம் அவர் கைக்கு வரல.

விரல் போன பிறகு கணக்கு இப்படி. போகாம இருக்க? 1948 தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான பாகத்துக்கெல்லாம் வேலி போடணும்னு சொன்னது. ஆனா அது பொதுவா மின்சாரம் வச்சு பத்து பேராவது வேலை பார்க்குற இடத்துக்குத்தான். அதுக்குப் பதிலா அதே நவம்பர்ல வந்த புதுச் சட்டத்தொகுப்புல அந்தப் பத்து இருபது ஆயிருச்சு. அஞ்சு பேர் பட்டறை அன்னிக்கும் அந்த வேலிக்கு வெளியில, இன்னிக்கும் வெளியில. பழைய மிஷின் கடைசியா வந்து சேர்றதெல்லாம் இந்த மாதிரி பட்டறைக்குத்தான். பெரிய ஆலையில இருந்து சின்ன ஆலை, அங்க இருந்து பட்டறைன்னு ஒவ்வொரு கை மாறும்போதும் மிஷின் விலை குறையுது. கூடவே ஒரு கார்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு நிறுத்துற பட்டன்னு ஒவ்வொண்ணா காணாமப் போகுது. அந்த விலைக் குறைப்புல கொஞ்சம் யாரோ ஒரு பையனோட விரல்ல இருந்து கழிச்சதுங்கிறது எந்தப் பில்லுலயும் இருக்காது.

மறுநாள் போன்ல பேரம் நடந்தது. மூணு டன் இரும்பு, பழைய இரும்பு விலைக்குப் போட்டாலே ஒரு தொகை வரும்ங்கிறது ரெண்டு பேருக்கும் தெரியும். மாமா அதுல இருந்து ஏறினார், அவர் ரெண்டேகால்ல இருந்து இறங்கினார். ஒண்ணு தொண்ணூறுல நின்னுச்சு. "அஞ்சாயிரம் கூடத் தாரேன், கிளட்ச் ஸ்பிரிங்கும் கீயும் புதுசு போட்டு அனுப்பு"ன்னு மாமா சொன்னதும் அந்தப் பக்கம் சிரிச்சது எனக்கே கேட்டுச்சு.

கார்டை நாங்களே செஞ்சோம். சதுரக் கம்பியில சட்டம், கீழ 6 மில்லிமீட்டர் இடைவெளி, பழைய போல்ட் ஓட்டையிலயே பொருந்துச்சு. அரைநாள் வேலை. பட்டறையில இருக்குற சின்னப் பையன், "அண்ணாச்சி, இது இருந்தா தகடு தள்ளுறதுக்கு லேட்டாகுமே"ன்னான்.

மாமா வலது கையை அவன் முன்னாடி நீட்டினார். "எத்தனை இருக்கு, எண்ணு"ன்னார்.

அவன் எண்ணிட்டு, ஒண்ணும் பேசாம போல்ட்டை முறுக்க ஆரம்பிச்சான்.