முதல் பெரிசா, வட்டி பெரிசா?

தென்னேரியில் தறி வீட்டில் வளர்ந்தவனுக்கு வட்டிக் கணக்கைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. கையில் முதல் கம்மியாக இருந்தால் அது பெருகப் பல வருஷம் ஆகும். கருந்துளைகளின் கதையும் இந்த இடத்தில்தான் இடிக்கிறது.

1930-ல் சந்திரசேகர் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெள்ளைக் குள்ளன் நிலைக்காது என்ற முடிவின் தொடக்கம் அந்தப் பயணம். 1935 ஜனவரியில், லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அதைக் கேலி செய்தார். விண்மீன் அப்படி நசுங்குவதை இயற்கையே தடுக்கும் என்பது அவர் வாதம்.

வேடிக்கை பாருங்க, கருந்துளை வளரும் வேகத்துக்கான வரம்பு எடிங்டன் பெயரில்தான் இருக்கிறது. உள்ளே விழும் வாயு சூடாகி ஒளிரும். அந்த ஒளியே மேற்கொண்டு வரும் வாயுவைத் தள்ளிவிடும். வரம்பை ஒட்டி இடைவிடாமல் விழுங்கினாலும் நிறை இரட்டிப்பாக ஏறக்குறைய 3.5 கோடி வருஷம் ஆகும்.

2023-ல் யுஎச்இசட்1 என்ற விண்மீன்மண்டலத்தில் ஒரு கருந்துளை தெரிந்தது. அப்போது பிரபஞ்சத்தின் வயது 47 கோடி வருஷம்தான். கருந்துளையின் நிறையோ 1 கோடி முதல் 10 கோடி சூரியன்கள். செத்த விண்மீன் விட்டுப்போன 10 சூரியன் நிறையில் தொடங்கினால், 1 கோடியைத் தொடவே 20 தடவை இரட்டிப்பாகணும். அதாவது 70 கோடி வருஷம். கணக்கு உதைக்குதில்லையா? முதல் 10,000 சூரியன் என்றால் 35 கோடி வருஷம் போதும்.

அந்தப் பெரிய முதலைப் பற்றி 2006-லேயே எழுதியவர்கள் கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜனும் கியூசெப்பே லொடாட்டோவும். வாயு வட்டு விண்மீன்களாக உடையாமல் நேராகச் சரிந்து கருந்துளை ஆகலாம் என்றார்கள். அப்படிப் பிறந்தால், தொடக்கத்தில் கருந்துளையும் சுற்றியுள்ள விண்மீன்களும் கிட்டத்தட்ட சம எடையில் இருக்கும் என்று 2017-ல் நடராஜன் குழு கணித்தது. நமக்கு அருகிலுள்ள மண்டலங்களில் கருந்துளை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். யுஎச்இசட்1 அந்தக் கணிப்போடு ஒத்துப்போகிறது. அப்படியானால் சில மண்டலங்களில் விண்மீன்கள் பெருகும் முன்பே கருந்துளை பெருத்துவிட்டது.

சின்ன விதையே எடிங்டன் வரம்பை மீறி விழுங்கியிருக்கலாம் என்கிற கட்சியும் இருக்கு. வழக்கு முடியல.

ஜேம்ஸ் வெப் அந்த மண்டலத்தைக் காட்டியது. அதனுள் இருந்த கருந்துளையின் எக்ஸ் கதிரைப் பிடித்தது 1999-ல் ஏவப்பட்ட தொலைநோக்கி. அதன் பெயர் சந்திரா. அன்று கேலிக்கு ஆளானவரின் பெயர்தான்.