இடுப்பில் ஆயுதம், தோளில் எடை

நாமக்கல் ஆஞ்சநேயருக்குக் கூரை கிடையாது. 18 அடி உயரத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். கழுத்தில் சாளக்கிராம மாலை, இடுப்பில் கத்தி, கைகள் இரண்டும் நரசிம்மரை நோக்கிக் கூப்பியபடி. தமிழ்நாட்டுப் பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் அனுமார் படம் இல்லாத சுவரைப் பார்ப்பது அரிது. தண்டால் எடுப்பவனும் கர்லாக் கட்டை சுற்றுபவனும் அவரைக் கும்பிட்டுத்தான் தொடங்குவார்கள். உடல் வலிமையையும் ஆயுதத்தையும் ஒன்றாகவே பார்த்த ஒரு காலத்தின் சாயல் அந்தச் சிலையில் இருக்கிறது.

அமெரிக்காவில் அந்த இரண்டும் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியேயும் துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்று 2022-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் ஜிம்முக்குப் போகும்போது துப்பாக்கியை எங்கே செருகுவது என்பது அங்கே அன்றாடக் கேள்வி. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை உறைகள் கடைகளில் விற்கின்றன. சேலம், நாமக்கல் பக்கம் எந்த ஜிம்மிலும் இந்தப் பேச்சு எழுவதில்லை. அது ஏன் என்பதற்கு இருநூறு ஆண்டுக் கதை உண்டு. அதன் முக்கியமான சில பக்கங்கள் இந்தச் சமவெளியிலேயே எழுதப்பட்டவை.

பாளையக்காரர் காலத்தில் உடற்பயிற்சிக்கென்று தனி இடம் இருக்கவில்லை. சிலம்பமும் வாளும் மல்யுத்தமும் கற்ற களமே உடலை வளர்த்த இடமும். காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்த தீரன் சின்னமலை அப்படி வளர்ந்தவர். இளைஞர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்துப் படையாக்கினார். திப்பு சுல்தானின் பக்கம் நின்றார். திப்பு வீழ்ந்த பிறகும் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் கும்பினிப் படையோடு மோதினார். 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோட்டைக்கு ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கன்று கூட்டம் கூடுகிறது.

சேலம் வட்டாரம் அதற்கு முன்பே, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், கும்பினியின் கைக்குப் போய்விட்டது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி வகுத்தார்கள். வரி வசூலிக்கிற அரசுக்கு ஊருக்கு ஊர் ஆயுதம் இருப்பது ஆபத்து. தெற்கே மருது சகோதரர்கள் வீழ்ந்த கையோடு, 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். திருநெல்வேலி, ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் சீமைகளில் அனுமதியில்லாமல் ஆயுதம் தாங்குபவர்களுக்கு மரண தண்டனை என்றது அது. சேலம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் சங்ககிரித் தூக்குமேடை அதே செய்தியை இங்கேயும் சொல்லிவிட்டது. ஈட்டியும் வாளும் போயின. மூங்கில் கழி மிஞ்சியது. ஆயுதம் பிடித்த கை பயிற்சியை மட்டும் தொடர்ந்தது.

1878-ல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இதை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம் வந்ததும் அதே ஆண்டில், அதே லிட்டனின் கையெழுத்தில்தான். படித்த இந்தியர்களை இந்தப் பாகுபாடு சுட்டது. 1887-ல் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் ஆயுதச் சட்டத்தை எதிர்த்து பிபின் சந்திர பால் முழங்கினார். சட்டத்தைத் திருத்தக் கோரி மாநாடு தீர்மானமும் போட்டது. சேலத்து வழக்கறிஞர் விஜயராகவாச்சாரியார் தீவிரமாக இயங்கிய தொடக்க காலக் காங்கிரஸ் அது. 1882 சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தில் போராடி விடுதலையானவர் அவர். வெள்ளைக்காரனுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் என்ற வலி அந்தத் தலைமுறைக்கு ஏட்டறிவு அல்ல.

பிரித்து வைத்த உடற்பயிற்சியும் ஆயுதமும் மறுபடி ரகசியமாகச் சேர்ந்தது வங்காளத்தில். 1902-ல் கல்கத்தாவில் தொடங்கிய அனுசீலன் சமிதி வெளிப்பார்வைக்கு ஓர் உடற்பயிற்சிச் சங்கம். குஸ்தி, சிலம்பம், குத்துச்சண்டை எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். போலீஸுக்கு ஆரம்பத்தில் அதில் குற்றம் காண எதுவுமில்லை. உள்ளே கட்டுப்பாடும் ரகசியப் பிரமாணமும், பின்னால் வெடிகுண்டும் கைத்துப்பாக்கியும் வந்து சேர்ந்தன. 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா என்ற கல்கத்தா துப்பாக்கிக் கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சியாளர்கள் வண்டியோடு கடத்திக்கொண்டு போனார்கள். கோதாவில் உடலை முறுக்கிய பையன்கள் மடியில் பிஸ்டலை மறைத்துத் தெருவில் நடந்த காலம் அது.

தமிழ்நாட்டில் இதற்கு நிகரான ஆள் வ.வே.சு. ஐயர். திருச்சி வரகனேரிக்காரர். லண்டனில் இந்தியா ஹவுஸ் குழுவில் சாவர்க்கரோடு இருந்தார். அந்தக் குழுதான் 1909-ல் 20 பிரவுனிங் பிஸ்டல்களைப் பெட்டியின் கள்ள அடியில் ஒளித்து பம்பாய்க்கு அனுப்பியது. போலீஸுக்குத் தப்பி 1910-ல் புதுச்சேரி வந்த ஐயர், இளைஞர்களுக்கு உடற்பயிற்சியும் குறிபார்த்துச் சுடுவதும் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை, மறைத்து எடுத்துவந்த பிரவுனிங்கால் சுட்டார். பிறகு அதே துப்பாக்கியால் தன்னையும் மாய்த்துக்கொண்டார்.

அந்த வீரத்தை நாமக்கல்லும் போற்றியது. ஆனால் இந்த ஊர் தேர்ந்தது வேறு பாதை. மோகனூரில் 1888-ல் ஒரு போலீஸ்காரரின் மகனாகப் பிறந்தவர் வெ. ராமலிங்கம் பிள்ளை, நாமக்கல் கவிஞர். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டபோது தொண்டர்கள் பாடி நடந்தது அவர் எழுதிய பாட்டை. ஆயுதமும் ரத்தமும் இல்லாத போரைப் பற்றிய பாட்டு அது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அகிம்சையைப் போதித்த காந்தியே ஆயுதச் சட்டத்தை ஏற்றவரல்ல. அதே 1930 ஜனவரியில் அவர் வைஸ்ராய் இர்வின் முன் வைத்த 11 கோரிக்கைகளில், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தர வேண்டும் என்பதும் ஒன்று. அடுத்த ஆண்டு கராச்சி காங்கிரஸ், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமையாகவே அறிவித்தது. ஆனால் பிரிவினையின் ரத்தத்தைப் பார்த்த அரசியல் நிர்ணய சபை மனம் மாறியிருந்தது. ஆயுத உரிமையைச் சேர்க்கக் கோரி எச்.வி. காமத் 1948 டிசம்பரில் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. கடைசியில் அரசியல் சாசனம் தந்தது அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமை. துப்பாக்கி உரிமையாக இல்லாமல் அனுமதியாகவே நின்றது. அது சரியான முடிவு.

1959 ஆயுதச் சட்டம் அந்த அடித்தளத்தில் எழுந்தது. விண்ணப்பம், போலீஸ் அறிக்கை, காரணம் எல்லாம் சரியாக இருந்தால்தான் லைசென்ஸ். பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்பவருக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி தரலாம் என்று சட்டமே சொல்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் துப்பாக்கி என்றால் வெகுகாலம் நினைவுக்கு வந்தது அதுதான். கொல்லிமலையில் காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்த நீளக் குழல். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளும் மலையில் புழங்கின. கெடு வைத்து அவற்றை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அறிவிப்பு தருவதும் நடந்துவருகிறது. மற்றபடி மக்கள் பார்ப்பது வங்கி வாசலில் காவலாளியின் தோளில் தொங்கும் துப்பாக்கியை. தேர்தல் அறிவித்தால், விலக்கு பெற்றவர்கள் தவிர லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். இத்தனை கெடுபிடிக்கு நடுவே இடுப்பில் செருகும் கைத்துப்பாக்கி என்றைக்கும் மிகச் சிலரின் பொருளாகவே இருந்தது.

அந்த மிகச் சிலரின் துப்பாக்கி என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு 1967 ஜனவரி 12 அன்று பார்த்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’யில் 1950-லேயே நடித்துப் புகழ்பெற்ற எம்.ஜி.ஆர்., உடற்பயிற்சியை நாள் தவறாமல் செய்தவர். வாள்சண்டையும் சிலம்பமும் தெரிந்தவர். ராமாவரம் தோட்டத்து வீட்டுக்குப் பேச வந்த எம்.ஆர். ராதா மறைத்து வைத்திருந்த ரிவால்வரை எடுத்துச் சுட்டார். தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவேயில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரின் உடையில் இருந்த சிறு இரும்பின் முன் அத்தனை கால உடற்பயிற்சியும் பயன்படவில்லை.

இன்றைய நிலையை 2016-ன் ஆயுத விதிகள் சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்பவர் அதற்கென்று செய்த உறையில் உடலோடு பொருத்தியோ பையிலோதான் கொண்டுபோக வேண்டும். அது முழுவதும் மூடியிருக்க வேண்டும். அதைத் தன் முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டுவதற்கும் வேடிக்கைக்குச் சுடுவதற்கும் தடை. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்தில் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை என்றது.

மறைத்து எடுத்துச் செல்வதைச் சட்டமே கேட்கிறது என்பது உண்மைதான். ஆனால் முழுக் கட்டுப்பாடு என்ற நிபந்தனையை ஜிம்மில் நிறைவேற்ற முடியுமா? பெஞ்சில் மல்லாந்து படுத்து 80 கிலோவைத் தூக்குபவனின் இரண்டு கைகளும் பாரில் இருக்கின்றன. ஸ்குவாட்டில் உட்கார்ந்து எழும்போது இடுப்புப் பட்டை நகரும். வியர்வையில் உறை வழுக்கும். உதவிக்குப் பின்னால் நிற்பவரின் கை தற்செயலாக இடுப்பில் படும். பையில் வைத்து லாக்கரில் போட்டால் கட்டுப்பாடு லாக்கர் பூட்டின் கையில். பூட்டே இல்லாத லாக்கர் வைத்த ஜிம்கள் எத்தனையோ. காலைக் கூட்டத்தில் கல்லூரிப் பையன்களும் பெண்களும் தோளோடு தோள் நிற்கும் அறையில் ஒரு விசை தவறி அழுந்தினால் தோட்டா யாரை நோக்கிப் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. சந்தா கட்டிய எவரும் நுழையும் கூடத்தைப் பொது இடமாகக் கருதி நடப்பதே லைசென்ஸ்காரருக்கு அழகு.

உயிருக்கு ஆபத்து என்று போலீஸ் விசாரித்து லைசென்ஸ் தந்தவர்களும் உடற்பயிற்சி செய்யத்தான் வேண்டும். அவர்கள் துப்பாக்கியை வீட்டில், தோட்டாவைத் தனியே வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பட்டும். அச்சம் அவ்வளவு கூடுதல் என்றால் வீட்டிலேயே நாலு டம்பெல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். நாமக்கல், சேலம் பகுதிகளில் ஜிம் நடத்துபவர்கள் சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ஆயுதத்தோடு உள்ளே வர அனுமதி இல்லை.