வாழ்க்கை வட்டங்களில் ஒடுக்கற்பிரிவு

ஒடுக்கற்பிரிவு (குன்றல் பகுப்பு) என்பது நிறப்புரிகளின் (குரோமோசோம்களின்) எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கும் உயிரணுப் பிரிவு ஆகும். கருக்கட்டலில் இரு பாலணுக்கள் இணைவதால் இவ்வெண்ணிக்கை இருமடங்காகிறது. தலைமுறைதோறும் அது பெருகிவிடாமல் ஒடுக்கற்பிரிவு ஈடுசெய்கிறது. இப்பிரிவு வாழ்க்கை வட்டத்தின் எக்கட்டத்தில் நிகழ்கிறது என்பது உயிரினங்களுக்கிடையே வேறுபடும். மேட்டூரிலும் அதனைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் பகுதிகளிலும் காணப்படும் உயிரினங்களைக் கொண்டே இதனை விளக்கலாம்.

மூன்று வகைகள்

• பாலணு உருவாகும்போது: விலங்குகள் இவ்வகையின. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் வாழும் கட்லா மீனின் உடல் உயிரணுக்களில் 50 நிறப்புரிகள் உள்ளன. அதன் முட்டையிலும் விந்தணுவிலும் மட்டும் 25 உள்ளன.

• கருக்கட்டலுக்குப் பின்: தேங்கிய நன்னீரில் பச்சை இழைகளாக வளரும் ஸ்பைரோகைரா பாசியின் உடல் ஒருமடியமானது. இரு உயிரணுக்கள் இணைந்து உண்டாகும் கருவணு மட்டுமே இருமடியமானது. அது ஒடுக்கற்பிரிவு அடைந்து, எஞ்சும் ஒரு கருவிலிருந்து புதிய இழை தோன்றுகிறது.

• வித்து உருவாகும்போது: நிலத்தாவரங்களில் இருமடியத் தலைமுறையும் ஒருமடியத் தலைமுறையும் மாறிமாறி வருகின்றன. நெற்பயிரில் 24 நிறப்புரிகள் உள்ளன. அதன் ஒருமடியத் தலைமுறை, 12 நிறப்புரிகள் கொண்ட சில உயிரணுக்களாகச் சுருங்கி, மகரந்தத்துள்ளும் சூலகத்துள்ளும் அடங்கிவிடுகிறது.

ஒடுக்கற்பிரிவைத் தவிர்த்தல்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சவ்வரிசி ஆலைகளுக்காகப் பயிரிடப்படும் மரவள்ளி (குச்சிக்கிழங்கு) பூத்துக் காய்த்தாலும், விதையால் அன்றித் தண்டுக் கரணைகளாலேயே நடப்படுகிறது. ஒடுக்கற்பிரிவில் மரபணுக்கள் கலைந்து சேர்வதால், விதையிலிருந்து வளரும் செடிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. கரணையில் வளர்பவை இழையுருப்பிரிவால் மட்டுமே உண்டாவதால், தாய்ச்செடியின் பண்புகளை அப்படியே பெறுகின்றன.

இதனால் இரகம் மாறாது காக்கப்படினும், ஒரு நோய்க்கு எளிதில் ஆட்படும் தன்மையும் வயல் முழுவதற்கும் பொதுவாகிவிடுகிறது. வெள்ளை ஈக்களால் பரவும் தேமல் நோய் வைரசு, நோயுற்ற கரணைகள் வழியாகவும் அடுத்த பயிரை அடைகிறது.

ஆகவே புதிய இரகம் வேண்டும்போது ஒடுக்கற்பிரிவையே மீண்டும் நாட வேண்டியுள்ளது. 1963இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், கலப்பின முறையில் உருவாக்கி 1971இல் வெளியிட்ட எச்-226 இரகம் சேலம் பகுதியில் பரவலாகப் பயிரிடப்பட்டது. இவ்வாறான கலப்பில் கிடைக்கும் பலவகை நாற்றுகளுள் சிறந்தது தெரிவு செய்யப்பட்டு, பின்னர் கரணைகளாலேயே பெருக்கப்படுகிறது.