எஸ்.டி.டி. பூத்: தெருமுனைத் தொலைபேசியின் காலம்

1960 நவம்பரில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, ஆபரேட்டர் உதவியில்லாமல் எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு அதுதான். ஆனாலும் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு, வெளியூருக்குப் பேசுவதென்றால் பெரும்பாலானோர் டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. அதிலும் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று தரம் பிரித்திருந்தார்கள். கூடுதலாகக் காசு கொடுத்தவருக்கு லைன் சீக்கிரம் கிடைத்தது.

வீட்டு இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1980இல் நாடு முழுவதற்கும் சுமார் 25 லட்சம் தொலைபேசிகள்தான். 1991இல் 84 கோடி மக்களுக்கு ஏறத்தாழ 50 லட்சம். அவற்றிலும் பெரும்பங்கு நகரங்களில் இருந்தது. போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து, அதனருகே 'பி.பி.' என்று குறித்துவைப்பார்கள். அழைப்பு வந்தால் கூப்பிட்டுவிட அந்த வீட்டாரின் மனம் இருக்க வேண்டும்.

1984இல் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் தொடங்கப்பட்டது. குளிர்சாதன வசதியின்றி, புழுதியையும் வெயிலையும் தாங்கி ஓடக்கூடிய சிறிய கிராமப்புற எக்ஸ்சேஞ்சுகளை அதன் பொறியாளர்கள் உருவாக்கினார்கள். அந்த முயற்சியின் முகமாக இருந்த சாம் பிட்ரோடா வலியுறுத்திய கொள்கை தெளிவானது: வீட்டுக்கு வீடு போன் கொடுக்க முடியாத நாட்டில், நடந்துபோகும் தூரத்தில் ஒரு போனாவது இருக்க வேண்டும். பொதுத் தொலைபேசியை நடத்தும் உரிமம் தனியாருக்குத் தரப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு அதில் முன்னுரிமை இருந்தது. உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய இந்தத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2000களின் நடுவில் இத்தகைய பூத்துகள் 20 லட்சத்தைத் தாண்டின.

மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் கண்ணாடி அறை, உள்ளே சின்ன ஃபேன், கண்ணெதிரே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். ஊரின் தூரத்தைப் பொறுத்து மீட்டரின் வேகம் கூடும். பேசுகிறவரின் கண் அதிலேயே இருக்கும். போனை வைத்ததும் பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் துப்பும். இரவு ஏற ஏறக் கட்டணம் படிப்படியாகக் குறைந்ததால், வெளியூர் வேலைக்கு வந்தவர்களும் வளைகுடாவில் கணவர் இருக்கும் பெண்களும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரிசையில் சேர்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கசங்கிய தாளில் உள்ள எண்ணை நீட்டினால் பூத்காரரே டயல் செய்துகொடுப்பார். "பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று எதிர்முனைக்குச் சொல்லிவிட்டு, வீட்டாரைக் கூட்டிவர ஒரு பையனை ஓடவிடுவார். இந்த ஒத்தாசைக்கென்று பில்லில் எதுவும் ஏறியதில்லை.

குறைகளும் இருந்தன. வரிசையில் நிற்பவர் காதில் விழாமல் குடும்பச் சங்கதி பேச முடியாது. பெண்களுக்கு அது பெரிய சங்கடம். பூத் பெரும்பாலும் கடைத்தெருவில் இருந்ததால் ஊரின் ஓரத்தில் குடியிருந்தவர்கள் வெகுதூரம் நடந்தார்கள்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதோடு செல்போன் காலம் பிறந்தது. வரும் அழைப்புக்கும் காசு கட்ட வேண்டியிருந்ததால் அப்போது அது வசதியானவர்களின் கைப்பொருள். 2003இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடம் 1 ரூபாய் என்ற திட்டத்தைக் கொண்டுவந்ததும் எஸ்.டி.டி. என்ற வேறுபாடே பொருளிழந்தது. பூத்துகள் ஜெராக்ஸ் கடைகளாகவும் ரீசார்ஜ் கடைகளாகவும் மாறின. மாற முடியாதவை மூடப்பட்டன. கையில் காசில்லாதவர்கள் மிஸ்டு கால் கொடுத்தே சேதி சொல்லிக்கொண்டார்கள்.

செல்போன் ஏழைகளுக்குச் செய்த நன்மை மறுக்க முடியாதது. கொத்தனாரும் மீன்காரரும் வேலையையும் விலையையும் இருந்த இடத்திலிருந்தே விசாரித்தார்கள். ஆனால் போன் தனியுடைமையானதும் ஏற்றத்தாழ்வு வீட்டுக்குள் புகுந்தது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காடுதான். இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57, பெண்களில் 33 விழுக்காடு. 2018 இறுதியில் சில நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கட்டாயமாக்கியபோது, பேசாத மாதத்துக்கும் காசு கட்டினால்தான் அழைப்பு வரும் என்றானது. பூத்தில் பேசினால் மட்டுமே செலவு.

பிறகு அரசுச் சேவைகளும் போன் வழியே வரத் தொடங்கின. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்கான கொரோனா தடுப்பூசிக்கு இணையத்தில் முன்பதிவு கட்டாயமாக இருந்தது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. மாதக் கடைசிக்குள் அரசு மையங்களில் நேரடிப் பதிவு அனுமதிக்கப்பட்டது. சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் ஓ.டி.பி. வேண்டும், அதற்குச் சொந்த எண் வேண்டும். அது இல்லாத முதியவர்கள் மகனின் எண்ணையோ பேரனின் எண்ணையோ கொடுக்கிறார்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் பிரவுசிங் சென்டருக்கும் இ-சேவை மையத்துக்கும் போகிறார்கள். அங்கே ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம் உண்டு.