இம்பர்: ஆண்டில் சில நாட்கள் மட்டும் திறக்கும் கிராமம்

தெற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் சல்ஸ்பரி சமவெளி பரந்து கிடக்கிறது. அதன் நடுவே, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு இடையிலான ஒரு பள்ளத்தில் இருக்கிறது இம்பர் கிராமம். அங்கே இன்று ஒரு குடும்பம்கூட இல்லை. இராணுவப் பயிற்சி நிலத்துக்குள் அகப்பட்டுவிட்ட ஊர் அது. கோடையில் ஒருநாள் வார்மின்ஸ்டர் நகரிலிருந்து பழைய இலண்டன் சிவப்பு பஸ்கள் அங்கே ஓடும். அப்படியொரு பஸ்ஸில்தான் நானும் போனேன்.

இம்பர் மிகப் பழைய ஊர். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே அதன் பெயர் இருக்கிறது. ஆடு வளர்ப்பும் தானியப் பயிர்ச்செய்கையும்தான் மக்களின் சீவியம். மழைக்காலத்தில் தெருவோரமாக ஒரு சிற்றோடை ஓடும். 1851இல் 440 பேர் வாழ்ந்தார்கள். 1931இல் 152 பேர்தான் மிஞ்சினார்கள்.

சமவெளியின் காணிகளை இராணுவம் 1897இலிருந்தே வாங்கத் தொடங்கியது. 1920களின் இறுதியில் இம்பரின் முறை வந்தது. விளைச்சலுக்கு விலை கிடைக்காத காலம் அது. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, தேவாலயம் போன்ற சில இடங்கள் தவிர ஊர் முழுவதும் இராணுவத்தின் கையில் இருந்தது. பிறந்து வளர்ந்த வீட்டிலேயே மக்கள் வாடகைக் குடிகள் ஆனார்கள்.

1943 நவம்பர் 1ஆம் திகதி ஊரவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, 47 நாட்களுக்குள் வெளியேறவேண்டும் என்றார்கள். ஐரோப்பாவில் தரையிறங்கவிருந்த அமெரிக்கப் படையினருக்குப் பயிற்சி நிலம் தேவைப்பட்டது. போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பியே மக்கள் போனார்கள். ஊர்க் கொல்லர் தன் பட்டடை மேல் சாய்ந்து அழுதார் என்று இன்றும் சொல்கிறார்கள்.

போர் முடிந்தது, ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. 1961 ஜனவரியில் ஏறத்தாழ 2,000 பேர் தடையை மீறி இம்பருக்குள் போனார்கள். பகிரங்க விசாரணை நடந்தது. முடிவு இராணுவத்துக்கே சாதகமாக அமைந்தது. திரும்பலாம் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக மக்கள் சாட்சியம் அளித்தார்கள். ஆனால் காணி உறுதி அவர்கள் பெயரில் இருக்கவில்லை.

நான் பார்த்தபோது வீடுகள் இருந்த இடங்களில் கதவில்லாத வெறும் கட்டடங்கள் நின்றன. அவற்றிற் பல 1970களில் படையினரின் பயிற்சிக்கெனக் கட்டப்பட்டவை. வெடிக்காத குண்டுகள் இருக்கலாம், பாதையை விட்டு விலகாதீர்கள் என்று பலகைகள் எச்சரித்தன. அந்த வாசகத்தை வாசிக்க எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

புனித ஜைல்ஸ் தேவாலயம் மட்டும் வேலிக்குள் பத்திரமாக நிற்கிறது. அது இராணுவத்துக்கு விற்கப்படவில்லை. அதனால்தான் இன்றும் ஆண்டுதோறும் அங்கே ஆராதனை நடக்கிறது. ஆண்டில் சில நாட்களாவது பாதை திறக்கிறது. வெளியேறியவர்கள் சிலர் இறந்தபின் அந்த மயானத்துக்கே கொண்டுவரப்பட்டார்கள். உயிரோடு திரும்ப முடியாத ஊரில் அவர்களுக்கு ஆறடி நிலம் மட்டும் கிடைத்தது.

பின்னேரம் கடைசி பஸ் புறப்பட்டது. மறுபடி பாதை மூடப்படும். பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் வளைவு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.